பெயர் சேர்க்க வந்தவர்கள் நாம்

நடுவர் ஐயாவுக்கும் இரு அணியினருக்கும் சபையாருக்கும் வணக்கம். தேவனுடைய திட்டத்தில் யூத ஜனத்துக்கு இருந்த இடம் கிறிஸ்தவ சபைக்கு மாறிவிட்டதா, மாறவில்லையா? மாறவில்லை என்று சொல்ல வந்திருக்கிறேன். இன்றைய அரசாங்கங்களின் போரையும் எல்லையையும் பற்றி நான் பேசப்போவதில்லை. இஸ்ரவேலின் ராஜாக்கள் தப்பு செய்தபோது முகத்துக்கு நேரே கண்டித்தவர்கள் அதே ஜனத்தின் தீர்க்கதரிசிகள்தான். நான் பேசுவது அழைப்பைப் பற்றி.

எனக்கு முன் பேசிய தம்பி பெரிய கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். என்ன கேட்டார்? "புது ரேஷன் கார்டு கொடுத்தாச்சு. இனிமேல் பழைய கார்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் அரிசி போடுவார்களா?" வசனமும் காட்டினார். எபிரெயர் 8:13. புது உடன்படிக்கை என்று சொன்னதினாலே முந்தினதைப் பழமையாக்கினார்.

தம்பி, வசனம் சரி. கொஞ்சம் மேலே போய் 8:8-ஐப் படியுங்கள். எரேமியா 31-ஆம் அதிகாரத்தை அங்கே அப்படியே எடுத்து எழுதியிருக்கிறது. புது உடன்படிக்கை யாரோடு? "இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும்." ரோமாபுரியோடு என்று இருக்கிறதா? கொரிந்துவோடு என்று இருக்கிறதா? உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். கார்டு புதுசு, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் புது கார்டில் குடும்பத் தலைவர் பெயர் என்னவென்று பார்த்தீர்களா? இஸ்ரவேல்! பழைய கார்டில் இருந்த அதே பெயர்.

அப்படியானால் நாம் யார்? பெயர் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்தவர்கள். புறஜாதியார். அந்தக் குடும்பத்தில் பிறக்காதவர்கள். ஆண்டவர் மனமிரங்கி, "சரி, இவர்கள் பெயரையும் எழுது" என்றார். எழுதின மை காயவில்லை. அதற்குள் நாம் கவுண்டரில் நின்றுகொண்டு, "ஐயா, மேலே இருக்கிற பெயரை நீக்கிவிடுங்கள்" என்று கேட்கிறோம். சேர்க்க வந்தவனுக்கு நீக்கல் மனு கொடுக்க எங்கிருந்து வந்தது உரிமை?

அதே எரேமியா 31-ல், அதே மூச்சில் கர்த்தர் இன்னொன்றும் சொல்கிறார். சூரியனுக்கும் சந்திரனுக்கும் நட்சத்திரங்களுக்கும் தாம் வைத்த நியமங்கள் ஒழிந்துபோனால், அப்போது இஸ்ரவேல் சந்ததியும் ஒரு ஜாதியாக இராமல் ஒழிந்துபோகும் என்கிறார். இன்று காலையில் சூரியன் உதித்தது. தம்பியும் பார்த்திருப்பார்.

அப்போஸ்தலன் பவுல் இதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறார்! "தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ" என்று தானே கேட்டு, "தள்ளிவிடவில்லையே" என்று தானே பதில் சொல்கிறார். ரோமர் 11. காட்டு ஒலிவக்கிளையை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைத்த கதையைச் சொல்லிவிட்டு, ரோமாபுரிச் சபையைப் பார்த்து, "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்" என்கிறார். சில கிளைகள் முறிக்கப்பட்டன என்று அதே அதிகாரம் சொல்லுகிறது. எதிரணி அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஆனால் அவைகளைத் திரும்ப ஒட்டவைக்க தேவன் வல்லவர் என்பதும் அங்கேதானே இருக்கிறது? முடிவாக, அவருடைய கிருபைவரங்களும் அழைப்பும் "மாறாதவைகளே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இதை மறந்ததால் என்ன நடந்தது? இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகன் பழைய ஏற்பாடே வேண்டாம் என்றான். ரோமாபுரிச் சபை அவனை வெளியே அனுப்பியது. புஸ்தகத்தைக் காப்பாற்றின சபை, புஸ்தகத்தைக் கொடுத்த ஜனத்தைக் காப்பாற்றவில்லை. நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் கிறிசோஸ்தொம் என்ற பேர்பெற்ற பிரசங்கியார் பிரசங்க பீடத்திலிருந்தே யூதரை வசைபாடினார். 1543-ல் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கின மார்ட்டின் லூத்தர், யூதரின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். நம் சபைகளில் எத்தனையோ பேர் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆகவே வேதனையோடு சொல்கிறேன். 1938 நவம்பரில் நாசிகளின் ஜெர்மனியில் ஜெப ஆலயங்கள் எரிந்தே போயின.

இங்கே ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூல்ஸ் ஐசக். பிரான்ஸ் நாட்டு யூதர், சரித்திர ஆசிரியர். அந்த நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அவர் எழுதின பாடப் புத்தகத்தில்தான் சரித்திரம் படித்தார்கள். 1940-ல் யூதர் என்பதற்காக வேலை போனது. 1943-ல் ரியோம் என்ற ஊரில் அவருடைய மனைவியையும் மகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் தற்செயலாகத் தப்பினார். மனைவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: உங்களைக் காத்துக்கொள்ளுங்கள், எடுத்த வேலையை முடியுங்கள். அவ்வளவுதான். நாசிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் போன தாயும் மகளும் திரும்பவில்லை.

என்ன வேலை அது? சுவிசேஷங்களை வரி வரியாகப் படித்து, இயேசு தம் ஜனத்தைத் தள்ளினார் என்று சபை போதித்தது சரியா என்று ஆராய்கிற வேலை. யோசித்துப் பாருங்கள். மனைவியையும் மகளையும் இழந்த மனிதர், கோபத்தில் நம் வேதத்தை வீசி எறியவில்லை, உட்கார்ந்து படித்தார்! நாம் படிக்க வேண்டியதை அவர் படித்தார்.

1960 ஜூன் 13. அந்தப் பெரியவருக்கு 82 வயது. வத்திக்கானுக்குப் போகிறார். எதிரே போப்பாண்டவர் 23-ஆம் யோவான். போர்க்காலத்தில் இஸ்தான்புல்லில் இருந்துகொண்டு யூத அகதிகள் தப்ப உதவினவர், பெரிய வெள்ளி ஜெபத்தில் யூதரை இகழ்ந்த சொல்லை 1959-லேயே எடுத்துப்போட்டவர். ஐசக் தன் காகிதங்களை நீட்டுகிறார். சபையின் அவமதிப்புப் போதனையைத் திருத்துங்கள் என்கிறார். புறப்படும்போது கேட்கிறார்: கொஞ்சம் நம்பிக்கையாவது எடுத்துக்கொண்டு போகலாமா?

கொஞ்சம் நம்பிக்கை! எல்லாம் பறிபோன மனிதர் என்ன கேட்கிறார் பாருங்கள். நஷ்டஈடு கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கொஞ்சம் நம்பிக்கை. போப்பாண்டவர் சொன்னார்: நம்பிக்கையைவிட அதிகமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து யூதர்கள் அவரைப் பார்க்க வந்தபோது, "நான் உங்கள் சகோதரன் யோசேப்பு" என்று வரவேற்றார். அவர் ஞானஸ்நானப் பெயரில் யோசேப்பும் உண்டு. ஆனால் ஆதியாகமத்தில் சகோதரரால் விற்கப்பட்ட யோசேப்பு அல்லவா அப்படிச் சொன்னான்? ஐரோப்பாவில் விற்கப்பட்டது யார், விற்ற சகோதரர் வரிசையில் நின்றது யார்? அந்தக் கேள்வியை உங்களிடமே விடுகிறேன்.

1965 அக்டோபர் 28-ல், கத்தோலிக்க ஆயர்கள் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கம் பவுலின் அதே ரோமர் நிருபத்தைப் பிடித்துக்கொண்டு, யூதரை தேவன் தள்ளினவர்களாகவோ சபித்தவர்களாகவோ காட்டக்கூடாது என்று அறிவித்தது. ஆதரவு 2,221 வாக்கு, எதிர்ப்பு 88. அதைப் பார்க்க ஐசக் இல்லை. 1963-ல் கண்ணை மூடிவிட்டார். போப்பாண்டவரும் அதே வருஷம்.

எதிரணியினர் அடுத்து வந்து இன்னும் நாலு வசனம் காட்டுவார்கள், காட்டட்டும். எனக்கு மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். நாம் ஆராதிக்கிறவர் எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர். ஓய்வுநாளில் நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயாவை வாசித்தவர். அவர் தாய் மரியாள் யூதப்பெண். அந்தத் தாய் 1943-ல் ரியோமில் குடியிருந்திருந்தால், ஐசக்கின் மனைவியையும் மகளையும் ஏற்றின ரயிலில் அவளையும் ஏற்றியிருப்பார்கள். கையில் பிள்ளையோடு ஏற்றியிருப்பார்கள். அப்போது நாம் பக்கத்தில் நின்று, "இவளுடைய இடம் எங்களுக்கு மாறிவிட்டது" என்று சொல்லுவோமா? எந்த வாயால் சொல்லுவோம்?

நடுவர் ஐயா, மாறவில்லை என்று தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.