பார்வை வாத்து

நேயர்களுக்கு வணக்கம். மானைப் பிடிக்கப் பழக்கிய மான் ஒன்றைக் கட்டி வைப்பார்கள். அதற்குத் தமிழில் 'பார்வை' என்று பெயர். வாத்து பிடிக்கவும் பார்வை உண்டு, போலி வாத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பறந்து வரும் வாத்துகளை இறங்க வைப்பார்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லவ்லாக் குகையில், கோரையால் கட்டிய 11 வாத்துகளை 1924-இல் தோண்டி எடுத்தார்கள். வயது ஏறத்தாழ 2,000 ஆண்டு. பிற்காலத்தில் அந்த வேலைக்கு மரம் வந்தது. நியூஜெர்சியில் பார்னெகட் விரிகுடாப் பக்கம் செதுக்குகிற மர வாத்தைப் பற்றித்தான் இன்று பேச்சு.

மரம், வெள்ளை சீடார். லேசானது, தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் மக்காது. 2 அங்குலப் பலகை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, 14 அங்குல நீளத்துக்கு உடலைச் செதுக்கி, பிறகு பிரித்து உள்ளே குடைய வேண்டும். சுவர் முக்கால் அங்குலமாவது நிற்கட்டும். குடைவது எடைக்காக மட்டுமில்லை. முழுக்கட்டையில் மேல்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில்தான் மரம் வெடிக்கிறது.

இனி தலை. இதற்கு நேரம் போனாலும் பரவாயில்லை. தலைக்குத் தனிக் கட்டை, அதன் ரேகை அலகின் நீளத்துக்கு ஓட வேண்டும். மறுபடி சொல்கிறேன், அலகின் நீளத்துக்கு. விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும், மரம் ரேகை வழியே சட்டென்று விட்டுக்கொடுக்கும். ரேகை கழுத்திலிருந்து உச்சிக்கு நிமிர்ந்து ஓடினால், படகின் விளிம்பில் ஒரு தட்டுப் பட்டாலே அலகு ஒடிந்துவிடும். சரி, அலகு பிழைத்தது, பலவீனம் இப்போது கழுத்துக்கு வந்துவிட்டதே? அதற்குத்தான் உடற்கூட்டின் உள்ளிருந்து நீளமான திருகாணி ஒன்றைக் கழுத்துக்குள் ஏற்றுகிறார்கள். இரண்டு பாதியையும் மூடிய பிறகு இது ஞாபகம் வந்தால் பயனில்லை, வாத்தைப் பிளந்துதான் ஆக வேண்டும்.

அடுத்து மிதப்பு. முதல் பூச்சு காய்ந்ததும், ஈயத் தகட்டை அடிவயிற்றில் ரப்பர் வளையம் போட்டு நிறுத்தி, தொட்டித் தண்ணீரில் விடுங்கள். மூக்கு தாழ்ந்தால் ஈயம் முன்னால் இருக்கிறது, பின்னுக்குத் தள்ளுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். கையால் கவிழ்த்துவிட்டால் தானே நிமிர வேண்டும். நிமிர்ந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே குழி வெட்டித் தகட்டைப் பதித்து, குழியின் ஓரத்துக்கும் பூச்சு கொடுங்கள். விட்டுப்போனால் அந்த வழியாகத் தண்ணீர் ஏறும்.

நிறம் தீட்டுவதற்குத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பளபளக்கும் பெயின்ட் வேண்டாம், வெயிலில் மின்னும், வாத்துக்கூட்டம் விலகிப் போய்விடும். மங்கல் பெயின்ட்தான். கேன்வாஸ்பேக் என்ற இனத்து ஆண் வாத்தென்றால் தலை செம்பழுப்பு, மார்பு கறுப்பு. முதுகில் காய்ந்த சாம்பல் நிறத்தின்மேல் வெள்ளையைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சீப்பை நெளித்து நெளித்து இழுங்கள், அடியிலுள்ள சாம்பல் மெல்லிய வரிகளாகத் தெரியும். வெள்ளை பாதி காய்ந்துவிட்டால் சீப்பு அதை உரித்துக்கொண்டு வரும், அதனால் ஒரு நேரத்தில் ஒரு வாத்துக்கு மட்டும் பூசுங்கள். வணக்கம்.