கால்பந்தாட்டத்தைக் கட்டியவர்கள் காசு வாங்காதவர்களே

நடுவர் அவர்களே, எங்களை ஒரு கை பார்த்துவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, வியாசர்பாடிப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"கால்பந்தாட்டம் பெரிதும் வளர்ந்தது ஊதியம் வாங்காத ஆட்டக்காரர்களாலா, ஊதியம் வாங்கிய ஆட்டக்காரர்களாலா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், அமெச்சூர் ஆட்டம், அதாவது ஊதியம் வாங்காத ஆட்டம் என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றார். சம்பளம் வந்த பிறகுதான் ஆட்டத்துக்குள் திறமையே வந்தது என்றார். போகிற போக்கில், நாங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஸ்காட்லாந்தின் குயின்ஸ் பார்க் கிளப்பே 2019-இல் தன் அமெச்சூர் கொள்கையைக் கைவிட்டுவிட்டது, இனி உங்களுக்கு ஏது வழக்கு என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். அவர் எடுத்த சாட்சியையே நானும் எடுத்துக்கொள்கிறேன். சாட்சியின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு அமர்ந்துவிட்டார் என்பதுதான் என் குறை.

முதல் வரியிலிருந்து படிப்போம். 1867-ஆம் ஆண்டு ஜூலை 9 இரவு எட்டரை மணிக்கு, கிளாஸ்கோ நகரில் எக்லின்டன் டெரஸ் என்னும் தெருவில் 3-ஆம் எண் வீட்டில் சில இளைஞர்கள் கூடினார்கள். கிளப்புக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே சண்டை. பல பெயர்கள் முன்மொழியப்பட்டு, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், அருகில் இருந்த பூங்காவின் பெயரான குயின்ஸ் பார்க் வென்றது. ஆடுவதற்காகவே ஆடுவது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட குறிக்கோள். ஸ்காட்லாந்தில் இன்றும் இயங்கும் கால்பந்துக் கிளப்புகளில் மிகப் பழையது அதுதான்.

பெயர் வைத்தாயிற்று, ஆடுவதற்கு எதிரணி வேண்டுமே! ஓராண்டு கழித்துத்தான் திசில் என்ற அணி ஓர் அழைப்பு அனுப்பியது. அதற்குக் குயின்ஸ் பார்க்கின் செயலாளர் ராபர்ட் கார்ட்னர் எழுதிய பதில் இன்றும் கிடைக்கிறது. நடுவர் அவர்கள் அதைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். பக்கத்துக்கு இருபது பேர் என்பதை ஏற்றுக்கொள்கிறோம். இப்போதைய வானிலையில் இரண்டு மணி நேர ஆட்டமே போதும். முதல் ஒரு மணி நேரத்தில் யாரும் கோல் போடவில்லை என்றால் பக்கம் மாறிக்கொள்வோம், அப்போதுதான் காற்றும் தரையும் இரண்டு அணிக்கும் சமமாக அமையும். எங்கள் பந்து பழுதாகிவிட்டால் ஆட்டம் நின்றுவிடக் கூடாது, ஆகவே உங்கள் பந்தையும் எடுத்து வாருங்கள். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எப்போது பக்கம் மாறுவது என்று இன்று உலகமே கேள்வி கேட்காமல் பின்பற்றும் ஒழுங்குகளை இரண்டு அமெச்சூர் அணிகள் தபாலில் பேசித் தீர்த்துக்கொண்ட காலம் அது. 1868 ஆகஸ்ட் 1 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் குயின்ஸ் பார்க் இரண்டு கோல் கணக்கில் வென்றது. அங்கே காசு வாங்கிய கால் ஒன்றுகூட இல்லை. பந்துக்கே தட்டுப்பாடு இருந்த இடத்தில் சம்பளத்துக்கு எங்கே போவது?

எஃப்.ஏ. கோப்பையின் கதை இன்னும் கூர்மையானது. 1871-இல் எஃப்.ஏ. எனப்படும், லண்டனில் இருந்த இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அந்தக் கோப்பையைச் செய்ய நிதி திரட்டியபோது, வடக்கே நானூறு மைல் தொலைவில் இருந்த குயின்ஸ் பார்க் தன் பங்காக ஒரு கினி, அதாவது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும், அனுப்பியது. அந்தக் கோப்பையின் விலை 20 பவுண்டுதான். முதல் சுற்றுகளில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே, 1872-இல் நேரே அரையிறுதிக்கு லண்டன் சென்ற அணி, ஓவல் மைதானத்தில் வாண்டரர்ஸ் அணியுடன் கோலின்றிச் சமன் செய்தது. மறு ஆட்டம் வரை லண்டனில் தங்கக் கையில் பணம் இல்லை; விலகிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வாண்டரர்ஸ் இறுதியாட்டத்துக்குச் சென்று முதல் கோப்பையைத் தட்டிச் சென்றது. வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று எதிரணித் தலைவர் எந்த வசதியைச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. கோப்பை செய்யக் காசு கொடுத்துவிட்டு, அதை வெல்லத் தங்கியிருக்கக் காசில்லாமல் ரயில் ஏறியவர்கள் இவர்கள்.

அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், சனிக்கிழமை. உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்தாட்டம் என்று இன்று ஏற்கப்படும் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டம், கிளாஸ்கோ அருகே பார்ட்டிக்கில் ஒரு கிரிக்கெட் கிளப்பின் மைதானத்தில் நடந்தது. அன்று ஸ்காட்லாந்துக்கு ஒரு கால்பந்துச் சங்கமே கிடையாது. லண்டன் சங்கத்தின் செயலாளர் ஆல்காக் பத்திரிகையில் விடுத்த சவாலை ஏற்று, மைதானத்தை வாடகைக்கு எடுத்து, ஆட்களைத் தேர்ந்து, நுழைவுக் கட்டணமாக ஒரு ஷில்லிங் வைத்து எல்லாவற்றையும் நடத்தியது குயின்ஸ் பார்க். ஸ்காட்லாந்து சார்பில் ஆடிய பதினொரு பேரும் அதன் உறுப்பினர்கள். அவர்கள் அணிந்த கருநீல ஜெர்ஸிதான் இன்றுவரை ஸ்காட்லாந்தின் நிறம். கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குக் கட்டை கிடையாது. ஒரு நாடாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். சுமார் நாலாயிரம் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள்.

இங்கிலாந்து எட்டு பேரை முன்வரிசையில் நிறுத்தியது. அக்காலத்து ஆங்கிலேய ஆட்டம் என்பது, பந்து கிடைத்தவர் தலையைக் குனிந்துகொண்டு தனியே உருட்டிக்கொண்டு ஓடுவதும், அவரிடமிருந்து பந்து தெறித்தால் பின்னால் வருபவர் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடுவதும்தான். உடல் எடையில் இங்கிலாந்துக்காரர்கள் கூடுதல். மோதினால் ஸ்காட்லாந்துக்காரர்கள் தாங்க மாட்டார்கள். ஆனால் குயின்ஸ் பார்க் இளைஞர்கள் ஒன்றாகப் பயிற்சி செய்து பழகியவர்கள். முன்வரிசையில் ஆறு பேரை மட்டும் வைத்து, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, மோதல் வருவதற்குள் பந்தைக் கூட்டாளிக்குத் தள்ளிவிட்டார்கள். ஆட்டம் கோலின்றிச் சமனில் முடிந்தது. கோல் விழாத அந்த ஆட்டத்தில்தான் இன்றைய கால்பந்தின் உயிர்நாடியான பாஸ் ஆட்டம் உலகின் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் உருவானதும் இவர்கள் கூட்டிய கூட்டத்தில்தான்.

சம்பளம் வந்த பிறகே திறமை வந்தது என்ற வாதத்தை இப்போது எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் ஆட்டக்காரருக்கு ஊதியம் தருவது 1885-இல் சட்டபூர்வமானது. அதற்கு முன்பே லங்காஷயர் ஆலை நகரங்களின் கிளப்புகள் கள்ளத்தனமாகக் காசு கொடுத்து ஆள் பிடித்தன. யாரைப் பிடித்தன? ஸ்காட்லாந்துக்காரர்களை. எதற்காக? பாஸ் ஆட்டத்துக்காக. "ஸ்காட்லாந்துப் பேராசிரியர்கள்" என்றே அவர்களை அழைத்தார்கள். முதல் இங்கிலாந்து லீக் போட்டியில், 1888–89-இல், 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற பிரஸ்டன் நார்த் எண்டு அணியின் முதுகெலும்பு அவர்கள்தான். சம்பளம் திறமையை உண்டாக்கவில்லை, நடுவர் அவர்களே. வேறொருவர் இலவசமாக வளர்த்து வைத்திருந்த திறமையை விலைக்கு வாங்கியது. அதில் பிழை இல்லை. ஆனால் சந்தையில் நெல் வாங்கியவர், வயலை உழுததும் நானே என்று மேடையில் சொல்லக் கூடாது.

இனி வர்க்கக் கேள்வி. இது எதிரணியின் வலுவான வாதம், இதை நான் ஏய்த்துவிட்டுப் போக விரும்பவில்லை. சனிக்கிழமைக் கூலியை இழந்து ஆட வரும் ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் கூலியையாவது கொடு என்று கேட்டது நியாயம்தான்; அதை மறுத்த லண்டன் கனவான்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆட்டக்காரர் எவரும் வேண்டுமென்றே பிழை செய்ய மாட்டார் என்ற இறுமாப்பில் பெனால்டி உதையையே அவமதித்ததாகச் சொல்லப்படும் கொரிந்தியன் கிளப்பை எதிரணியே எடுத்துக்கொள்ளலாம், எங்களுக்கு வேண்டாம். ஆனால் அமெச்சூர் என்றாலே கனவான் என்பது வரலாறு அல்ல. கிளாஸ்கோவுக்கு வடமேற்கே லெவன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் துணிச் சாயப்பட்டறைகள் இருந்தன. அங்கே சாயமேற்றிய சிவப்புத் துணி அந்நாளில் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. அந்தப் பட்டறை ஊரில் கிளம்பிய வேல் ஆஃப் லெவன் என்ற அணிக்கு ஆட்டத்தை நேரில் சென்று கற்றுக்கொடுத்ததே குயின்ஸ் பார்க்தான். கற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஸ்காட்லாந்துக்குள் ஒன்பது ஆண்டுகளாக ஒருவரிடமும் தோற்காமல் இருந்த குயின்ஸ் பார்க்கை 1876 டிசம்பர் 30 அன்று 2–1 என்று வீழ்த்தி, தொடர்ந்து மூன்று முறை ஸ்காட்லாந்துக் கோப்பையை வென்றார்கள். பட்டறைத் தொழிலாளர்களை நம்பி எழுந்த அணி, வாரச் சம்பளம் பட்டறையில், ஆட்டம் ஊதியமில்லாமல். பின்னி ஆலையின் சங்கொலி கேட்டு வளர்ந்த இந்தப் பகுதி மக்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நிறத்தின் கதையும் உண்டு. தென் அமெரிக்காவின் டெமராராவில் பிறந்த கறுப்பின இளைஞர் ஆண்ட்ரூ வாட்சன், குயின்ஸ் பார்க்கின் ஆட்டக்காரராகவும் ஆட்டங்களை ஏற்பாடு செய்யும் செயலாளராகவும் இருந்தார். 1881 மார்ச் 12 அன்று அவரைத் தலைவராகக் கொண்டு களம் இறங்கிய ஸ்காட்லாந்து, லண்டனிலேயே இங்கிலாந்தை 6–1 என்று தோற்கடித்தது. அவர் தந்தை வழிச் சொத்துடையவர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எதிரணி அதைச் சொல்லும். நம் நாட்டிலோ, 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் என்ற ஆங்கிலேயப் படைப்பிரிவை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்னும் கோப்பையைக் கைப்பற்றிய மோகன் பகான் அணியில், ஒருவர் நீங்கலாகப் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். பூட்ஸுக்கே காசு வாங்காதவர்கள் ஆட்டத்துக்கு வாங்கியிருப்பார்களா?

ஊதியம் ஸ்காட்லாந்தில் 1893-இல் அனுமதிக்கப்பட்டது. குயின்ஸ் பார்க் தன் பத்தாவதும் கடைசியுமான ஸ்காட்லாந்துக் கோப்பையை வென்றதும் அதே ஆண்டில்தான். கோப்பைக் கணக்குப் பார்த்தால் அதன்பின் எதிரணிதான் வெல்லும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பளப் பட்டியல் இல்லாத அந்தக் கிளப் வாசல் வசூலை என்ன செய்தது? மைதானம் கட்டியது. 1903-இல் திறக்கப்பட்ட ஹாம்ப்டன் பார்க், ரியோவில் மரக்கானா எழும்பும் வரை உலகிலேயே பெரிய கால்பந்து மைதானம். 1937-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தை அங்கே 1,49,000-க்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தின் தேசிய மைதானம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓர் அமெச்சூர் கிளப்பின் சொந்தச் சொத்தாக இருந்தது.

இப்போது 2019. ஆண்டி ராபர்ட்சன் என்ற பையனை, உயரம் போதாது என்று பதினைந்து வயதில் செல்டிக் என்னும் பெரிய தொழில்முறைக் கிளப் வெளியே அனுப்பியது. அவனைச் சேர்த்துக்கொண்டது குயின்ஸ் பார்க். ஊதியம் கிடையாது, ஹாம்ப்டன் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே ஆடினான். பின்னாளில் லிவர்பூல் அணிக்கு ஆடி ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வென்றவரும், ஸ்காட்லாந்தின் தலைவரானவரும் அவரே. கையில் காசில்லாத அந்த வயதைப் பற்றி அவர் புலம்பியதும் உண்மை. இப்படி வளர்த்த பிள்ளைகளை ஈடு எதுவும் இல்லாமல் பெரிய கிளப்புகளுக்குப் பறிகொடுத்துக்கொண்டே இருந்ததுதான் 152 ஆண்டுக் கொள்கையை உறுப்பினர்கள் மாற்ற முக்கியக் காரணங்களில் ஒன்று. கொள்கை தோற்றது என்று எதிரணித் தலைவர் சொன்னார். வளர்த்தவருக்கு ஒன்றும் தராமல் கொண்டுபோனவர்கள் அவர் தரப்பினர்தானே?

சென்னைக்கு வருகிறேன். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற அலுவலக அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்று ஆடியவர்களை எதிரணி தன் கணக்கில் எழுதிக்கொண்டது. அந்தச் சம்பளத்தில் பாதியை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்த வேலை கிடைக்கும் வரை ஒரு சிறுவனுக்குப் பந்தைக் கொடுத்து, காலை ஐந்தரைக்கு எழுப்பி, மாலையில் மைதானத்தில் நின்று கத்தியவருக்குச் சம்பளம் தந்தவர் யார்? இங்கிருந்து இந்திய அணிவரை சென்ற நந்தகுமார் சேகர் போன்றவர்களை ஐ.எஸ்.எல். என்னும் தொழில்முறை லீக் கண்டெடுக்கும் முன்பே வியாசர்பாடி கண்டெடுத்திருந்தது. 2025-இல் ஒப்பந்தச் சிக்கலால் அதே ஐ.எஸ்.எல். உரிய காலத்தில் தொடங்க முடியாமல் நின்றபோது, இந்தப் பேட்டையில் எந்த அணியும் ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கவில்லை.

எனக்குப் பின் பேசவிருக்கும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. கார்னர் உதையைத் தந்தது 1857-இல் தொடங்கிய ஷெஃபீல்டு கிளப்பை ஒட்டி வளர்ந்த அமெச்சூர் விதிகள். பாஸ் ஆட்டத்தை வளர்த்தது குயின்ஸ் பார்க். ஊதியம் வாங்கிய ஆட்டக்காரர் ஒருவர் எழுதிச் சேர்த்த அடிப்படை விதி எது என்று அவர் காட்டட்டும். அவசரப்பட்டுப் பெனால்டி என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அதை முன்மொழிந்த வில்லியம் மக்ரம், அயர்லாந்தின் மில்ஃபோர்டு கிராமத்து அணிக்குக் காசு வாங்காமல் கோல் காத்தவர்.

நன்றி, வணக்கம்.