சுகர் மாத்திரை மட்டும் எப்படித் தீராமல் இருக்கிறது?

அவைத்தலைவர் அவர்களுக்கும், வேகாத வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். மனநல டாக்டர் நிற்க வேண்டிய இடத்தில் ஓய்வுபெற்ற மருந்தாளுநரை நிறுத்தியிருக்கிறீர்கள். நோயைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அரசு ஆஸ்பத்திரியில் மனநோய்க்கான மாத்திரை தீர்ந்தால் என்ன நடக்கும் என்பது நன்றாகத் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் மாதம் ஒரு வியாழக்கிழமை வருவார். அன்றைக்கு ஓர் அம்மா தவறாமல் வருவார். கையில் மஞ்சப்பை, அதற்குள் பாலித்தீன் கவரில் சுற்றிய நோட்டு. மகனுக்கு மனச்சிதைவு. அதற்கான ரிஸ்பெரிடோன் மாத்திரையும், அதனால் வரும் கை நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரையும் வாங்கிப் போவார். மகன் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் ரிஸ்பெரிடோன் இல்லை. நோட்டில் ‘இருப்பு இல்லை’ என்று எழுதி, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்த மாதமும் அதே கதை. அப்போதுதான் அந்த அம்மா கேட்டார்: “சுகர் மாத்திரை மட்டும் எப்படி சார் தீராம இருக்கு?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

அதற்கப்புறம் நான்கு மாதம் ஆளைக் காணோம். வந்தபோது, மகன் தூக்கமில்லாமல் ராத்திரியெல்லாம் ஊரைச் சுற்றியதையும், பக்கத்து வீட்டுக்காரரை அடிக்கப் போனதையும், கடைசியில் மாட்டுக் கொட்டகையில் கட்டிப்போட்டதையும் சொன்னார். கயிற்றால்தான், சங்கிலியால் இல்லை என்று என்னிடம் சமாதானம் வேறு!

சங்கிலி என்றதும் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி ஞாபகம் வரும். குணமாகும் என்று நம்பி மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் தர்கா உள்ள ஊர். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. சங்கிலி போட்டவர்களை எல்லோரும் திட்டினோம், திட்ட வேண்டியதுதான். ஆனால் பெற்றவர்கள் பிள்ளையை ஏன் அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. பக்கத்தில் மருந்து கிடைத்திருந்தால் பாதிப் பேர் அங்கே போயிருக்கவே மாட்டார்கள் என்பது என் எண்ணம். தர்காவுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. பிற்பாடு ஏர்வாடி தர்காவிலேயே அரசு மனநல டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். தொழுகையும் நடந்தது, மாத்திரையும் கிடைத்தது. அதுதான் புத்திசாலித்தனம்.

சரி, சட்டம் இல்லையா? இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. மனநலச் சிகிச்சையை உரிமை என்கிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. ‘எந்நேரமும்’ என்ற சொல்லைப் படித்தபோது நான் எழுதிய ‘இருப்பு இல்லை’தான் கண்ணுக்குள் வந்தது.

மருந்து ஏன் தீர்கிறது? பணமில்லை என்பது சுலபமான பதில். ஸ்டோர் அறைக்குள் நின்றவனுக்கு வேறொன்று தெரியும். போன வருடம் எவ்வளவு செலவானது என்று பார்த்துத்தான் இந்த வருடம் இன்டென்ட், அதாவது மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல், போடுகிறோம். மருந்து தீர்ந்த மாதங்களில் செலவு பூஜ்யம். மருந்தில்லை என்று தெரிந்ததும் நோயாளிகள் வருவதை நிறுத்துகிறார்கள், செலவு இன்னும் குறைகிறது. அடுத்த இன்டென்ட்டில் ‘இங்கே தேவை குறைவு’ என்று ஆகிவிடுகிறது. வராத நோயாளி எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. சர்க்கரைக்காரர்கள் நூறு பேர் வரிசையில் நின்று சத்தம் போடுவார்கள். மனநோயாளியின் அம்மா தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். இந்தியாவில் மனநலப் பாதிப்பு உள்ளவர்களில், நோய்க்கு நோய் மாறினாலும், 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்று 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது. அதில் ஒரு பங்கு என் கவுன்டரிலிருந்து திரும்பிப் போனவர்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது, அதன் வேலை அதற்கு. (அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம், அது தனிக் கூட்டத்துக்கான விஷயம்.) நான் கேட்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடுத்த மாத மாத்திரை. டாக்டர் ஒருமுறை பார்த்து மருந்தை நிலைப்படுத்திவிட்டால், அதே மருந்தைத் தொடர்ந்து கொடுக்க மாதாமாதம் அவரே வேண்டியதில்லை. அங்குள்ள டாக்டருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். 1980களிலேயே பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் இதைச் செய்து காட்டியது. அதைப் பார்த்துத்தான் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமே வந்தது. மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு மாதம் ஒன்றோ இரண்டோ தடவை போடும் ஊசி இருக்கிறது, சுகாதார நிலையத்து நர்ஸே போடலாம்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் மூலம் பிரஷர், சுகர் மாத்திரைகள் வாசலுக்கே வந்தன. தேதியைக் கவனியுங்கள். அடுத்த நாள் விடிந்தால் ஏர்வாடித் தீக்கு இருபது வருடம். அந்தத் தன்னார்வலர் பையில் ரிஸ்பெரிடோனுக்கும் உறுதியாக ஓர் இடம் வேண்டும். எல்லா மருந்தையும் அப்படிக் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. லித்தியத்துக்கு ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும், குளோசபினுக்கு வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரத்தான் வேண்டும். அவர்களையாவது வந்த அன்றைக்கு வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். இன்டென்ட் போடும்போது செலவான கணக்கோடு, முன்பு வந்துகொண்டிருந்து இப்போது வராமல் நின்றுபோனவர்களின் பெயரையும் எண்ணுங்கள். பழைய மாதங்களின் ரெஜிஸ்டரைப் புரட்டினாலே தெரியும், புது மென்பொருள் ஒன்றும் வேண்டாம்.

அந்த அம்மாவின் மகனா? மருந்து வந்த பிறகு மறுபடி தொடங்கினோம், பழைய நிலைக்கு வர ஏழெட்டு மாதமானது. நான் ஓய்வுபெறுவதற்குச் சில வாரம் முன்னால், நோட்டை எடுத்துக்கொண்டு அவனே தனியாக வந்தான். மாத்திரையை வாங்கி, அங்கேயே நின்று விரல் வைத்து எண்ணினான். “சார், இருபத்தொன்பதுதான் இருக்கு” என்றான். நானும் எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறைந்துதான் இருந்தது. புது அட்டையிலிருந்து ஒன்றை வெட்டிக் கொடுத்தேன்.