கடைக்காரர் கழிக்கும் கணக்கு

வணக்கம். இன்றைக்கு அடுப்படி மேசையிலிருந்துதான் பேசுகிறேன். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், பாருங்கள். ஐந்து காசு, பத்து காசு, இருபது காசு, ஐம்பது காசு, நாலைந்து ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட் நோட்டு. ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகனுடைய சில்லறை டப்பா இது.

போன மாதம் அவனுக்கு ஒரு கணக்கு வந்தது. 10 வெள்ளியில் 7 வெள்ளி 35 காசு போனால் மீதி எவ்வளவு? அவன் எழுதிய விடை 3.35. எப்படி வந்தது என்று கேட்டேன். பூஜ்யத்திலிருந்து ஐந்து போகாது, அதனால் ஐந்தையே கீழே எழுதிவிட்டான். அடுத்த மூன்றும் அப்படித்தான். பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கச் சொல்கிறோம், சரி. பக்கத்திலும் பூஜ்யம்தானே இருக்கிறது? அங்கேதான் பிள்ளைகள் திணறிப்போகிறார்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன், குரலும் உயர்ந்துவிட்டது. அவன் அழுதுகொண்டே படுக்கப் போனான். அந்த இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் இங்கே பினாங்கில் ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக்கடைக்குப் போயிருந்தோம். பருப்பு, கடுகு, கொஞ்சம் மிளகு. 10 வெள்ளி நோட்டைக் கொடுத்தேன். கடைக்கார அண்ணன் காகிதம், கால்குலேட்டர் எதையும் தொடவில்லை. "ஏழு முப்பத்தஞ்சு" என்று சொல்லி என் கையில் ஐந்து காசை வைத்தார், "ஏழு நாப்பது." பத்து காசு, "ஏழு அம்பது." ஐம்பது காசு, "எட்டு." அப்புறம் இரண்டு ஒரு வெள்ளி நோட்டு, "ஒம்பது, பத்து. சரியாம்மா?"

மகன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்ததும், "அம்மா, அந்த மாமா கழிக்கவே இல்லை, கூட்டினார்" என்றான்.

அதேதான்! கழித்தல் என்றால் இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி. மேலிருந்து இறங்கித்தான் அளக்க வேண்டும் என்றில்லை, கீழிருந்து ஏறியும் அளக்கலாம். கையில் சேர்ந்த காசை எண்ணினால் 2 வெள்ளி 65 காசு. கடன் வாங்கும் முறையைப் பள்ளியில் கேட்பார்கள், அதையும் பிள்ளை கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் தன் விடை சரியா என்று தானே பார்க்க இந்த வழி இருந்தால் பயம் போய்விடுகிறது.

வீட்டில் இப்போது அவன்தான் கடைக்காரர். நான் வாங்குகிறேன், அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு காசாக என் கையில் வைக்கிறான். வாய்விட்டுச் சொல்வது முக்கியம். எந்த இடத்தில் தவறுகிறான் என்று நமக்குக் கேட்கும். தவறினால் உடனே திருத்தாதீர்கள். "கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறதே, அண்ணே" என்று வாடிக்கையாளராகவே சொல்லுங்கள், அவனே மறுபடி எண்ணுவான். முதலாம் ஆண்டுப் பிள்ளை என்றால் காசை ஒதுக்கிவிட்டு நோட்டை மட்டும் வைத்து ஆரம்பியுங்கள்.

அடுத்தது பேரங்காடி ரசீது. 2008 ஏப்ரல் 1 முதல் நம் மலேசியாவில் ஒரு காசு நாணயம் புழக்கத்தில் இல்லை. ரொக்கமாகக் கட்டினால் மொத்தத் தொகையைக் கிட்டிய ஐந்து காசுக்கு மாற்றிவிடுவார்கள். 18.67 என்றால் 18.65, 18.68 என்றால் 18.70. 'கிட்டிய மதிப்பு' என்று பாடநூலில் படிப்பது இதுதான். மொத்தத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, கூடுமா குறையுமா என்று அவனை முதலில் சொல்ல வைக்கிறேன். கார்டில் கட்டினால் இந்த மாற்றம் கிடையாது என்பதையும் அவனேதான் கண்டுபிடித்தான், இரண்டு ரசீதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

காரில் அக்கரையில் இருக்கும் பிறை ஊருக்குப் போகும்போது பினாங்குப் பாலம் இருக்கிறது. மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேல் 8.4. மீதி தரையில் எவ்வளவு? அதையும் அவன் ஏறித்தான் கணக்கிட்டான்: 8.4-லிருந்து 9, அங்கிருந்து 13, அப்புறம் அந்த அரை. 5.1.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தோசை சாப்பிடும்போது, கோயிலில், தாத்தா வீட்டில் என்று எங்கே பார்த்தாலும் கணக்குக் கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டு, இரண்டு நாள் அவன் என்னோடு கடைக்கே வர மாட்டேன் என்றான். வாரத்தில் இரண்டு மூன்று முறை, பத்து நிமிடம், அதுவும் உண்மையாகவே காசு கை மாறும் நேரமாகப் பாருங்கள்.

சரி, பள்ளி வேன் வரும் நேரமாகிவிட்டது. இந்த டப்பாவை அவன் வைத்த இடத்திலேயே வைக்க வேண்டும், வந்ததும் எண்ணிப் பார்ப்பான்.