காலியாக விட வேண்டிய 150 மீட்டர்

அனைவருக்கும் வணக்கம்.

சாலைப் பராமரிப்புக் குழுக்களை நடத்தும் மேற்பார்வையாளர்கள், லாரி ஓட்டுநர்கள், பாதுகாப்பு அதிகாரிகள் எனப் பலரும் வந்திருக்கிறீர்கள். தினமும் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். பேச வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவில் சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் ஒரு லேனை மூடி வேலை பார்க்கும்போது, "வருகிறவர் பார்த்து ஒதுங்கிப் போய்விடுவார்" என்ற நம்பிக்கையில் எதையும் அமைக்கக் கூடாது. பெரும்பாலோர் ஒதுங்கத்தான் செய்வார்கள். ஆனால் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருவார், ஒருவர் இரட்டை ஷிஃப்ட் முடித்துக் கண் செருகி வருவார், ஒருவர் குடித்திருப்பார். அவர் உள்ளே வரத்தான் போகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் முதலில் எதில் மோதுவார்? மோதியபின் எவ்வளவு தூரம் போவார்? அந்தத் தூரத்தில் ஆள் நிற்கிறாரா? வேலைத் திட்டம் இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். ஆபத்தைக் கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒருவருக்கு இரண்டரை வினாடி ஆகும் என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கில் எடுப்பார்கள். அதற்குள் 62 மீட்டர் ஓடிவிடும். ஈரச் சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 90 மீட்டர் வேண்டும். ஆக ஏறத்தாழ 150 மீட்டர். அமெரிக்கப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கையேடும் மணிக்கு 55 மைல் வேகத்துக்கு 495 அடி, அதாவது இதே 150 மீட்டரைத்தான் பஃபராக விடச் சொல்கிறது. லேனை மூட வைக்கும் கோன் (கூம்பு) வரிசை முடியும் இடத்துக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத வெற்றுத் தார்ச்சாலை அது. நம்மூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதித்தொகுப்பும், உங்களுக்கு ஒப்புதல் கிடைத்த வரைபடமும் சொல்லும் எண்தான் இறுதி. நான் சொல்வது அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள காரணம்.

இந்த பஃபர்தான் முதலில் பறிபோகும். காரணம் எளிது: இரவு ஒரு மணிக்குப் பார்த்தால் அது வீணாகக் கிடக்கும் இடம் போலத் தெரியும். ஜெனரேட்டரை அங்கே இறக்குவார்கள். தார் ஏற்றி வந்த டிப்பர் முறை வரும்வரை அங்கே நிற்கும். கரைக்கற்களை அங்கேதான் அடுக்குவார்கள். யாராவது தண்ணீர் குடிக்க அங்கே போய் உட்காருவார்கள். டிப்பர் நின்றுவிட்டால் உள்ளே பாயும் கார் நிற்பதற்கான 150 மீட்டர் 70 ஆகிவிடுகிறது. அதோடு அந்த டிப்பரே ஆட்கள் மேல் தள்ளப்படும் எடையாக மாறுகிறது. பொருள் வைக்க இடம் போதவில்லை என்றால் வேலை செய்யும் நீளத்தைக் குறையுங்கள், பஃபரைத் தொடாதீர்கள்.

அதற்கு முந்தைய பகுதி, லேனைச் சுருக்கும் சாய்வான கோன் வரிசை. மேலே சொன்ன கையேட்டின் சூத்திரப்படி, 3.5 மீட்டர் அகலமுள்ள லேனை 90 கிலோமீட்டர் வேகச் சாலையில் மூட சுமார் 195 மீட்டர் நீளச் சாய்வு வேண்டும். கோன்கள் 17 மீட்டருக்கு ஒன்று. கோன் குறைந்தது 70 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும், அதில் இரண்டு பிரதிபலிப்புப் பட்டைகள் வேண்டும். இங்கே நம் விரைவுச்சாலைகளுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. நுழைவழிகளும் வெளிவழிகளும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. சாய்வின் நடுவே ஒரு நுழைவழி வந்து சேர்ந்தால், அதன் வழியாக ஏறும் ஓட்டுநர் முன்னால் நீங்கள் வைத்த எச்சரிக்கைப் பலகை ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நுழைவழிக்கும் தனியாகப் பலகை வையுங்கள். முடிந்தால் சாய்வை அதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

இப்போது டிஎம்ஏ லாரிக்கு, அதாவது மோதலைத் தாங்கும் லாரிக்கு வருவோம். பின்பக்கம் பெரிய மெத்தை போலத் தொங்குமே, அந்த லாரி. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இதன்மேல்தான் மூட நம்பிக்கை அதிகம். மோதும் வாகனத்தின் ஆற்றலை அந்த மெத்தை தான் நசுங்கி வாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் 'மாஷ்' தரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 1,100 கிலோ காரையும் 2,270 கிலோ பிக்அப் வண்டியையும் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். அந்தப் பிக்அப்பின் இயக்க ஆற்றல் சுமார் 880 கிலோஜூல். ஆனால் 20 டன் லாரி மணிக்கு வெறும் 60 கிலோமீட்டரில் வந்தாலே 2,780 கிலோஜூல் ஆகிவிடும். மூன்று மடங்குக்கும் மேல். காருக்காகச் சோதித்த மெத்தை கனரக லாரியையும் நிறுத்திவிடும் என்று எண்ண வேண்டாம்.

மோதினால் டிஎம்ஏ லாரியும் முன்னால் நகரும். எவ்வளவு நகரும்? பத்து டன் லாரி, காய்ந்த சாலை, கைபிரேக் போட்டிருக்கிறது. பொதுவாகக் கைபிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோராயக் கணக்கில் அந்தப் பிக்அப் மோதினால் நான்கைந்து மீட்டர் நகரும். பிரேக்கே பிடிக்காத 20 டன் லாரி 60 கிலோமீட்டரில் மோதினால் 50 மீட்டரை நெருங்கும். சாலை நனைந்திருந்தால் இன்னும் கூடும். டிஎம்ஏ லாரியை ஆட்களுக்கு 10 மீட்டர் பின்னால் நிறுத்திவிட்டு 'பாதுகாப்பாக இருக்கிறோம்' என்றிருக்கும் குழு, தன் லாரியாலேயே நசுக்கப்படலாம். மறுபக்கமும் உண்டு. அதிக தூரம் தள்ளி நிறுத்தினால், லாரியைத் தாண்டியதும் லேன் திறந்திருக்கிறது என்று நினைத்துக் கார்கள் இடையில் புகுந்துவிடும். தயாரிப்பாளர் அட்டவணை சொல்லும் நகர்வுத் தூரத்துக்குக் குறையாமல், கார் புகும் அளவுக்கு விடாமல் நிறுத்த வேண்டும். மேற்பார்வையாளரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

இன்னும் சில. லாரி தன் அகலத்தை மட்டுமே காக்கும். இரண்டு லேனுக்கு நடுவில் நிறுத்தினால் இரண்டையுமே காக்காது. முன் சக்கரங்கள் ஆட்கள் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. எடைக்காக ஏற்றும் பாரத்தை லாரியோடு இறுகப் பிணைத்திருக்க வேண்டும். தளர்வாகக் குவித்த கல்லும் இரும்பும் மோதலில் முன்னால் பறக்கும். நகர்ந்துகொண்டே செய்யும் வேலையில் ஓட்டுநர் சீட் பெல்ட் போட்டு, தலைத்தாங்கியைத் தன் தலை உயரத்துக்குச் சரிசெய்திருக்க வேண்டும். நிலையாக நிற்கும் வேலையில் அவர் இறங்கிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். ஏர்கான் போட்டுக்கொண்டு உள்ளேயே தூங்குவதை யாரும் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது!

நாள்கணக்கில் நீளும் வேலைக்கு கான்கிரீட் தடுப்புதான் சிறந்தது. ஆனால் தடுப்பு இருந்தும் ஆள் போகலாம். 2023 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் அருகே, 695ஆம் எண் நெடுஞ்சாலையில், கான்கிரீட் தடுப்புகளுக்குப் பின்னால் வேலை பார்த்த ஆறு பேர் இறந்தார்கள். மணிக்கு 55 மைல் வரம்புள்ள சாலையில் இரண்டு கார்கள் 100 மைலுக்கும் மேலான வேகத்தில் வந்து ஒன்றோடொன்று உரசின. அதில் ஒன்று கட்டுப்பாடு இழந்து, வேலை வாகனங்கள் நுழைவதற்காகத் தடுப்புகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே பாய்ந்தது. தடுப்பில் விடும் ஒவ்வொரு வாசலும் திறந்த லேன்தான். அந்த வாசலுக்கு நேரே ஆட்களை நிறுத்தாதீர்கள். அதற்குத் தனியாக மோதல் தாங்கும் லாரி நிற்கட்டும்.

நீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பு காலியாக நின்றால் அது வெறும் நிறக்கோடு, மோதினால் பறந்துவிடும். இங்கே கொசு பயமும் சேர்ந்துகொள்கிறது. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகினால் அபராதம் என்பதால் 'எதற்கு வம்பு' என்று காலியாகவே விடத் தோன்றும். நிரப்பி, மூடியை இறுக அடைத்து, மூடி உடைந்ததை அன்றே மாற்றினால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

உடையைப் பற்றிச் சுருக்கமாக. 'ஐஎஸ்ஓ 20471' தரத்தின் மூன்றாம் வகுப்பு உடையில் ஒளிரும் துணி 0.80 சதுர மீட்டரும் பிரதிபலிப்புப் பட்டை 0.20 சதுர மீட்டரும் இருக்க வேண்டும். மேலங்கி மட்டும் போட்டவர் தூரத்திலிருந்து பார்க்க இன்னொரு கோன் மாதிரிதான் தெரிவார். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பட்டை அசைந்தால்தான் 'அட, ஆள்' என்று கண்ணுக்குப் படும். தார் படிந்து, நூறு முறை துவைத்த பட்டை ஒளியைத் திருப்பாது. மற்றொன்று: விளக்குக் கம்பத்தை வருகிற வண்டியின் கண்ணில் அடிக்கும்படி திருப்பிவிட்டால், நீங்கள் எந்த உடை போட்டும் பயனில்லை. விளக்கைப் பொருத்தியதும் ஒருவர் காரில் ஒரு முறை கடந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

வண்டி வேலைப் பகுதிக்குள் பாய்ந்தால் ஒலிக்கும் ஊடுருவல் எச்சரிக்கைக் கருவி நல்லதுதான், ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. 100 மீட்டர் முன்னால் ஒலித்தால் கையில் இருப்பது நான்கு வினாடி. தார் சுரண்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு ஒலி கேட்கவே ஒரு வினாடி போய்விடும். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் கை நீட்டிக் காட்டியிருந்தால்தான் மிச்சம் மூன்று வினாடி உதவும். அந்த அறிவுரை தமிழில், வங்காளத்தில், சீனத்தில் என யாருக்கு எது புரியுமோ அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் வாசித்துக் கையெழுத்து வாங்குவது கோப்புக்கு மட்டும்தான் பயன்படும்.

பல சுரங்கச் சாலைகளில் ஓரப் பாதையே கிடையாது. காலாங் பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கம் போன்ற இடங்களில் இரவில் முழுதாகவே மூடிப் பராமரிப்பது வழக்கம். முழு மூடலுக்கு வாகனமோட்டிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். வண்டியே வராத சாலையில் மேலே சொன்ன எந்தக் கணக்கும் தேவைப்படாது.

கடைசியாக, வேலையை முடித்துக் கோனை எடுக்கும் நேரம். வைக்கும்போது போக்குவரத்து ஓடும் திசையிலேயே, முதல் எச்சரிக்கைப் பலகையிலிருந்து தொடங்கி வைத்துக்கொண்டு போவோம். எடுக்கும்போது தலைகீழாக, வேலை முடிந்த கடைக்கோடியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். முன்னெச்சரிக்கைப் பலகைதான் கடைசியாகக் கழற்றப்பட வேண்டும். அவசரத்தில் சிலர் முதலில் பலகையை மடக்கிவிடுவார்கள், சாலையில் கோன் மட்டும் நிற்கும். லாரி பின்னோக்கி நகரும்போது, அதன் பின்னால் யாரும் நடக்கக் கூடாது. கோன் எடுப்பவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அந்த நேரம் விடிகாலை. காலை நெரிசலுக்குள் லேனைத் திறக்க வேண்டும் என்ற நெருக்கடி, இரவு முழுக்க உழைத்த களைப்பு, வீடு திரும்பும் தூக்கக் கலக்க ஓட்டுநர்கள், எல்லாம் ஒன்றுசேரும். சுமத்ராவிலிருந்து வரும் காற்றோடு கூடிய மழையும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் அடிக்கும். மழை வலுத்தால் ஆட்களை லேனிலிருந்து வெளியேற்றி, டிஎம்ஏ லாரியையும் கோன்களையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அழைத்து, திறப்பு தாமதமாகும் என்று சொல்லுங்கள். அந்த அழைப்பைச் செய்ய யாருக்கு அதிகாரம், எந்த எண், யார் எடுப்பார் என்பது முந்தைய மாலையே பணி அனுமதித் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.