கூரைமேல் நட்ட விளக்குக் கம்பம்

வணக்கம் நண்பர்களே. இன்று புதிய கணினி விளையாட்டு எதையும் விமர்சிக்கப் போவதில்லை. ஒரு தெருவிளக்குக் கம்பத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம், கேளுங்கள்.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட அந்த நான்கு நாள்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதுவரை வந்துகொண்டிருந்த காலை வணக்கமும் ரோஜாப்பூவும் நின்றுபோய், மணிக்குப் பத்து போர்க் காணொளிகள் வந்து விழுந்தன. அவற்றில் ஒன்றை அனுப்பியவர் என் தாய்மாமா. இருபத்திரண்டு நொடி. ஒரே இருட்டு. தூரத்தில் ஏதோ ஓர் ஊர். தரையிலிருந்து பச்சை நிறத்தில் தோட்டாக்கள் மணிச்சரம் போல வானத்துக்கு ஏறுகின்றன. ஒரு விமானம் தீப்பிடித்துச் சரிகிறது. கீழே மாமாவின் குறிப்பு: 'நேற்று இரவு எல்லையில். நம்மவர்கள் கொடுத்த அடி.'

நானும் மற்றவர்களைப் போல வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். பதினாறாவது நொடியில் வெடிப்பின் வெளிச்சம் பட்டு, இடது ஓரத்தில் ஒரு வீடு தெரிகிறது. இதோ, திரையில் நிறுத்தி வைத்திருக்கிறேன், பாருங்கள். அந்த வீட்டின் ஓட்டுக் கூரைமேல் ஒரு தெருவிளக்குக் கம்பம் நிமிர்ந்து நிற்கிறது. எந்த நாட்டு மின்வாரியமும் இப்படிக் கம்பம் நடாது. இதை நட்டவன் நான்.

2022ஆம் ஆண்டு. ஆர்மா 3 என்ற கணினிப் போர் விளையாட்டின் எடிட்டரில் உட்கார்ந்து ஓர் இரவுக் காட்சியை அமைத்துக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த எடிட்டரில் ஒரு தீவே உங்கள் கையில் இருக்கும். வண்டி, விமானம், ஆள், மணல்மூட்டை எதை வேண்டுமானாலும் எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். நேரத்தை இரவு இரண்டு மணி என்று மாற்றலாம், மேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். டைக்ரிஸ் என்ற விமான எதிர்ப்பு வண்டி ஒன்றை ஊருக்கு வெளியே நிறுத்தினேன். மேலே வைப்பவுட் என்ற தாக்குதல் விமானத்தைப் பறக்கவிட்டேன். தெருவுக்குக் கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டும் என்று கம்பங்களை வைத்துக்கொண்டே வந்தபோது மவுஸ் நழுவி ஒன்று கூரைமேல் போய் உட்கார்ந்துவிட்டது. அழிக்கச் சோம்பல். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதை யூடியூபில் ஏற்றினேன். நான் வைத்த தலைப்பு, 'நள்ளிரவில் சுட்டு வீழ்த்தப்பட்ட போர் விமானம்'. விளையாட்டின் பெயர் தலைப்பில் இல்லை. விளக்கக் குறிப்பில், எவரும் இறங்கிப் படிக்காத கடைசி வரியில் போட்டிருந்தேன். உக்ரைனில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். வழக்கமாக என் காணொளிகளை ஐந்நூறு பேர் பார்த்தால் பெரிய விஷயம். அது மட்டும் லட்சத்தைத் தாண்டியது. ஏன் தாண்டியது என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். இப்போது என் முன்னால் இருக்கும் இந்த மைக், அந்தக் காணொளி ஈட்டிய பணத்தில் வாங்கியது. ஆகவே இன்று நான் யாரையாவது திட்டினால், அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

'கிராபிக்ஸ் அவ்வளவு தத்ரூபமாகிவிட்டது, அதனால்தான் மக்கள் ஏமாறுகிறார்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆர்மா 3 வெளியானது 2013இல். அந்த ஆண்டு வாங்கிய கைபேசியை இன்று எவராவது வைத்திருக்கிறீர்களா? இத்தனை பழைய விளையாட்டு இன்றும் உலகை ஏமாற்றுகிறது என்றால் காரணம் அதன் தெளிவு அல்ல, கலங்கல்.

ஒரு சோதனை செய்து பார்த்தேன். இதே காட்சியைக் கணினியிலிருந்து நேரடியாக, முழுத் தரத்தில் பதிவு செய்து என் அத்தை மகனிடம் காட்டினேன். அவன் விளையாட்டுப் பக்கமே வராதவன். மூன்று நொடியில் 'இது கம்ப்யூட்டர் கேம் அல்லவா' என்றான். அடுத்து அதே காட்சியை, கணினித் திரைக்கு எதிரே கைபேசியைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். கையைக் கொஞ்சம் ஆட்டினேன். மின்விசிறி ஓடும் இரைச்சலும் சேர்ந்தது. அதை வாட்ஸ்அப்பில் எனக்கே நான்கு முறை அனுப்பிப் பிழிந்தெடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், என் கைபேசியிலேயே வைத்துக் காட்டினேன். யாருக்கும் அனுப்பவில்லை, பயம் வேண்டாம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டது ஒன்றுதான்: 'எந்த ஊர் தம்பி? பாவம், எத்தனை பேர் செத்தார்களோ?'

காட்சியைக் கெடுக்கக் கெடுக்க உண்மையாகிறது. கலங்கலாக, ஆடிக்கொண்டு, இருட்டாக இருந்தால் அது களத்திலிருந்து வந்தது என்று நம் கண்ணுக்கு நாமே பாடம் நடத்தி வைத்திருக்கிறோம்.

சாதாரண மக்களை விடுங்கள். 2011இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி, லிபியாவை ஆண்ட கடாஃபிக்கும் அயர்லாந்தின் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வுக்கும் இருந்த தொடர்பைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. அதில் ஹெலிகாப்டர் ஒன்றைச் சுட்டு வீழ்த்தும் காட்சி, ஐ.ஆர்.ஏ.வே எடுத்தது என்று சொல்லிக் காட்டப்பட்டது. அது ஆர்மா 2, ஆர்மா 3க்கு முந்தைய விளையாட்டு. பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு ஆஃப்காம் பிறகு அதைக் கண்டித்தது. 2012இல் பிபிசி, ஐ.நா. பாதுகாப்பு சபை பற்றிய செய்திக்குப் பின்னால் ஒரு சின்னத்தைப் போட்டது. ஹேலோ விளையாட்டில் வரும் விண்வெளிப் படையின் சின்னம் அது! இரண்டுக்கும் ஆங்கிலச் சுருக்கெழுத்து UNSC என்று ஒன்றாக இருந்ததால் வந்த வினை. இதையெல்லாம் கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் 2017இல் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், அமெரிக்கா ஐ.எஸ். அமைப்புக்குத் துணைபோகிறது என்பதற்கு மறுக்க முடியாத ஆதாரம் என்று படங்களை வெளியிட்டதே, அதில் ஒன்று ஏசி-130 கன்ஷிப் சிமுலேட்டர் என்ற கைபேசி விளையாட்டின் படம். ஓர் அணு வல்லரசின் அமைச்சகம் அது. பழி கடைசியில் ஓர் ஊழியர் தலையில் விழுந்தது.

2021 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் பாகிஸ்தான் விமானங்கள் குண்டு போடுகின்றன என்று நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் சில காட்டியது ஆர்மா 3. 2025 மே மாதம் பாகிஸ்தான் அரசின் எக்ஸ் கணக்கிலேயே வெளியானதும் ஆர்மா 3. எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேதம் அந்த விளையாட்டுக்கு இல்லை.

ரஷ்ய விமானங்களை வீழ்த்திய உக்ரைன் வீரர், கீவ் நகரின் ஆவி என்று ஒரு விமானியைக் கொண்டாடினார்களே, 2022 பிப்ரவரியில். அப்போது சுற்றிய காணொளி டிசிஎஸ் என்ற விமான விளையாட்டில் செய்தது. செய்தவர் என்னைப் போல மறைக்கவில்லை, விளையாட்டின் பெயரைப் போட்டே ஏற்றியிருந்தார். அது எடுபடவே இல்லை. அந்த ஆவி மக்கள் உருவாக்கிய வீரக்கதை என்று உக்ரைன் விமானப்படையே ஏப்ரல் இறுதியில் சொன்னது. அதன் பிறகும் நம்பியவர்கள் நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆர்மாவின் கதை தனிக்கதை. அதை உருவாக்கியது செக் குடியரசின் பொஹீமியா இன்டராக்டிவ். விளையாட்டு நடக்கும் தீவின் பெயர் ஆல்டிஸ். கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவை அச்சாகக் கொண்டது. 2012 செப்டம்பரில் அந்த நிறுவனத்து ஊழியர்கள் இருவர் லெம்னோஸ் தீவுக்குப் போனார்கள். ராணுவ இடங்களைப் படம் பிடித்தார்கள், உளவாளிகள் என்று கிரேக்கக் காவல்துறை பிடித்து உள்ளே வைத்துவிட்டது. நாங்கள் சுற்றுலா வந்தோம் என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. நான்கு மாதச் சிறைக்குப் பிறகு 2013 ஜனவரியில்தான் ஜாமீன். அதன் பிறகே விளையாட்டில் தீவின் பெயர் ஆல்டிஸ் என்று மாறியது. விளையாட்டை உளவு என்று நினைத்தவர்கள் அப்போதே இருந்தார்கள் பாருங்கள்.

அதோடு, அதே வேரில் கிளைத்த இன்னொரு நிறுவனத்தின் பயிற்சி மென்பொருளில்தான் அமெரிக்க மரைன் படை உட்படப் பல நாட்டு வீரர்கள் பயின்றார்கள். அந்த நிறுவனத்தை 2022இல் ஆயுத நிறுவனமான பிஏஇ சிஸ்டம்ஸ் வாங்கிக்கொண்டது.

இதற்கு நேர் எதிரான கூத்து ஒன்றும் உண்டு. வார் தண்டர் என்ற விளையாட்டு. டாங்கிப் பித்தர்களின் உலகம். அங்கே 2021இல் ஒருவர், பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கியை விளையாட்டில் தவறாக வடிவமைத்திருக்கிறார்கள் என்று வாதம் செய்து, அதை நிரூபிக்க ரகசிய ராணுவக் கையேட்டின் பக்கங்களையே எடுத்துப் போட்டுவிட்டார். அதே ஆண்டு பிரான்சின் லெக்லெர்க் டாங்கி. அடுத்த ஆண்டு சீனாவின் டாங்கிக் குண்டு. ஒவ்வொரு முறையும் நிறுவனம் பதறிப்போய் அவற்றை நீக்கியது. யோசித்துப் பாருங்கள். விளையாட்டில் டாங்கியின் தலைப்பகுதி சுழலும் வேகம் கொஞ்சம் பிசகினால், வேலை போனாலும் பரவாயில்லை, சிறைக்கும் போகிறேன், திருத்துங்கள் என்று ஒருவன் வந்து நிற்கிறான். செய்தியில் விமானமே தவறு, நாடே தவறு, கிரகமே தவறு என்றாலும் கேட்பதற்கு ஆளில்லை.

என் காணொளியில் விழும் வைப்பவுட் என்ன தெரியுமா? அமெரிக்காவின் ஏ-10 விமானத்தை ஒட்டி வரைந்த கற்பனை. விளையாட்டின் கதை நடப்பது 2035இல். ஏ-10 விமானம் இந்தியாவிடமும் இல்லை, பாகிஸ்தானிடமும் இல்லை. எவனும் வைத்திருக்காத விமானத்தை எவனோ வீழ்த்தினான் என்று இரண்டு நாடுகளும் கை தட்டின.

பொஹீமியா 2022 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. போலியைக் கண்டுபிடிக்கக் குறிப்புகளும் தந்தார்கள். தரம் மிகக் குறைவாக இருக்கும், இருட்டாக இருக்கும், ஒலி இருக்காது, நடமாடும் மனிதர்கள் தெரிய மாட்டார்கள், இப்படி. ஒரு காணொளியை நீக்கினால் நாளுக்குப் பத்து புதிதாக ஏறுகின்றன என்று நொந்துகொண்டார்கள். விளையாடுபவர்களிடம், பெயரைத் தெளிவாகப் போடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். நான் படித்தேன். என் தலைப்பை மாற்றவில்லை.

அவர்கள் குறிப்புகளில் எனக்குப் பயன்பட்டது ஒலிதான். உண்மையான காணொளியில் படம் பிடிப்பவருக்கு மூச்சு வாங்கும். யாரோ யாரையோ உள்ளே வா என்று கத்துவார்கள். நாய் விடாமல் குரைக்கும். என் காட்சியில் ஒரு நாய்கூட இல்லை. ஊரே இடிந்தாலும் நாய் குரைக்காத ஊர் விளையாட்டில்தான் இருக்கும்.

சரி, மாமாவைக் கூப்பிட்டேன்.

'மாமா, அது விளையாட்டு.'

'எது விளையாட்டு மாப்பிள்ளை? அங்கே உயிர் போகிறது, உனக்கு விளையாட்டாக இருக்கிறதா?'

புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது. கூரையில் கம்பம் நிற்பதைக் காட்டினேன். என் பழைய காணொளியைக் காட்டினேன். அமைதியானார். பிறகு, 'சரி, இது நீ செய்ததாகவே இருக்கட்டும். இது மாதிரி ஒன்று அங்கே நடந்திருக்கும் அல்லவா?' என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கு அந்தக் காணொளி ஆதாரமே அல்ல. ஏற்கெனவே மனத்தில் இருந்த ஒன்றுக்குப் படம் கிடைத்தது, மாட்டிக்கொண்டார். கல்யாண வீட்டுக்கு வாழைமரம் கட்டுகிற மாதிரி.

ஆனாலும் நல்ல மனிதர். 'நான் அனுப்பியதை எடுத்துவிடுகிறேன்' என்றார். உடனே குரலைத் தாழ்த்தினார். 'ஆனால் எனக்கு அனுப்பியவர் எங்கள் தலைமையாசிரியர். ஓய்வு பெற்றுவிட்டார் என்றாலும், அவரிடம் போய் நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று நான் எப்படிச் சொல்வது? ஒன்று செய். அந்தக் கம்பத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஒரு படம் அனுப்பு. இது என்னவென்று தெரியவில்லை சார் என்று நான் கேட்கிறேன். அவரே கண்டுபிடித்ததாக இருக்கட்டும்.'

அன்று இரவு என் காணொளியின் தலைப்பை மாற்றி, விளையாட்டின் பெயரை முகப்புப் படத்தின் நடுவில் பெரிதாகப் போட்டேன். மாமா கேட்டபடி வட்டம் போட்ட படத்தையும் அனுப்பினேன்.

மறுநாள் மதியம் அந்தப் படம் எனக்கே திரும்பி வந்தது, சித்தி வீட்டுக் குழுவிலிருந்து. சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. கீழே எழுதியிருந்தார்கள்: 'எதிரி நாடு பரப்பிய போலிக் காணொளியைக் கண்டுபிடித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தமிழராகப் பெருமைப்படுவோம், அனைவருக்கும் பகிர்வோம்.'