பரிசோதனைத் தாள் பேச வேண்டும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, பணிச்சுமைக்கு இடையிலும் வந்திருக்கும் செவிலியர்களே, ஆலோசகர்களே, தொற்றோடு வாழ்ந்துகொண்டே பிறருக்குத் துணைநிற்கும் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் தெளிவுறப் பேசிய மூத்த மருத்துவருக்குத் தனியாக நன்றி கூறுகிறேன்.

எச்.ஐ.வி. சிகிச்சையில் மருந்து, வைரஸ் அளவுப் பரிசோதனை, காசநோய்த் தடுப்பு என்னும் மூன்றைப் பற்றிப் பேச விழைகிறேன். 1987இல் சிடோவுடின் என்ற ஒற்றை மருந்தோடு தொடங்கிய சிகிச்சை, 1996 வாக்கில் கூட்டு மருந்துகளாக வளர்ந்து, இன்று டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரையாக வந்து நிற்கிறது. நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 என்னும் இரத்த அணுக்கள் குறையும்வரை காத்திராமல், தொற்று உறுதியான அனைவருக்கும் மருந்து தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே பரிந்துரைத்துவிட்டது. மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்குமே அன்றி, அணுக்களுக்குள் ஒளிந்துகிடப்பதை அழிக்காது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே அது மீண்டும் தலைதூக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நான் மேடைதோறும் சொல்வது, நாள் தவறாமல் விழுங்கும் அந்த மாத்திரையை எண்ணித்தான்.

ஒருமுறை கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, நடுவயதுக்காரர் ஒருவர் மடித்து மடித்து நைந்துபோன தாளொன்றை நீட்டி, "ஐயா, இருபதுக்கும் கீழே போய்விட்டதாம், இனி எத்தனை நாள் இருப்பேன்?" என்று கேட்டார். அது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு. குறையக் குறைய நல்லது. அவரோ சி.டி.4 எண்ணிக்கை என்று நினைத்திருந்தார். முந்தைய தாளிலும் அதே முடிவுதான். மனைவியைவிட்டு விலகித் திண்ணையில் படுத்து, தனித்தட்டில் உண்டு, பேரக்குழந்தையை மடியில் வைக்கவும் அஞ்சி வாழ்ந்திருக்கிறார். தட்டாலும் மடியாலும் இத்தொற்று எக்காலத்திலும் பரவாது என்றும், மருந்தைத் தொடர்ந்து இந்த அளவு நீடிக்கும்வரை உடலுறவாலும் மனைவிக்குப் பரவாது என்றும் விளக்கினேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு பேனாவை நீட்டி, "அவள் நம்பமாட்டாள், இந்தத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்" என்றார்.

இது ஆறுதலுக்காகச் சொன்னதன்று. துணைவரில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள இணையர்களிடம் நடத்திய பார்ட்னர் ஆய்வுகளில், வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 200 நகல்களுக்குக் கீழ் இருந்தபோது, ஆணுறையின்றி உறவு கொண்டும் துணையிடமிருந்து ஒரு தொற்றுகூட வரவில்லை. ஊசியைப் பகிர்வதற்கும் தாய்ப்பாலுக்கும் இதே உறுதியைத் தர இயலாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எறும்பு ஊர்ந்து கல் தேய்ந்துவிட்டது. தேய்ந்த செய்தியைத்தான் உரியவருக்கு எவரும் சொல்லவில்லை. காசநோயைப் பற்றிப் பேச நேரம் இடந்தரவில்லை, அவைத்தலைவர் பொறுத்தருள வேண்டும். மருத்துவப் பெருமக்களிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றே: மருந்து தொடங்கிய ஆறாம் மாதத்திலும், பன்னிரண்டாம் மாதத்திலும், பின்னர் ஆண்டுதோறும் எடுக்கும் வைரஸ் அளவுப் பரிசோதனையின் தாளில், எண்ணுக்குக் கீழே அதன் பொருளை நோயாளியின் தாய்மொழியில் ஒரு வரி அச்சிட்டு, ஆலோசகர் அதைப் படித்துக்காட்டிய பின்னரே அவர் கையில் கொடுங்கள்.